வேலிக்கு வெளியே முனியாண்டி

போன வெள்ளிக்கிழமை என் மகள் ரோஸி, சாமிக்கு வைத்த சோற்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டாள்.

எங்கள் சாமிக்கு வைத்தது அல்ல. நாங்கள் ஞாயிறுதோறும் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர்கள். அவள் சாப்பிட்டது முனியாண்டியின் சோறு… கருவாட்டுக் குழம்பு ஊற்றியது. அதுவும் சூடம் காட்டுவதற்கு முன்பே.

இது பாவமா, தெய்வக் குற்றமா, வெறும் வயிற்று வலியில் முடிகிற விஷயமா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்காவது விளங்குகிறதா பாருங்கள்.

எல்லாம் கீரையில் ஆரம்பித்தது.

ரோஸிக்கு ஒன்றரை வயது. வாயோரம் புண் வந்து ஆறவே இல்லை. ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் பார்த்துவிட்டு, தினமும் பச்சைக்கீரை கொடுக்கச் சொன்னார். அவர் சொல்லிவிட்டார். கீரைக்கு எங்கே போவது? டுரியான் துங்கால் டவுன் கடையிலிருந்து லாரியில் வந்து சேருவதற்குள் அது கீரையாக இருப்பதில்லை.

முன்பு இந்தக் கவலையே இல்லை. ஓடையோரம், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருப்பவர்கள் எல்லோருக்கும் காய்கறிக் கொல்லை உண்டு. பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் லெட்சுமி அக்கா வேலை முடிந்ததும் கொல்லைக்குப் போய்விட்டு வருவார். வரும் வழியில் ஒரு கட்டுக் கீரையை எங்கள் படியில் போட்டுவிட்டுப் போவார். என் கணவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அதனால் அக்காவுக்கு நான் கிராணியம்மா.

பிறகு, காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அவசரகாலம் அறிவித்தது. லயங்களையும் எங்கள் வீட்டையும் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். நாங்கள் உள்ளே. கொல்லைகள் வெளியே.

போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்டில் சோதனை, வரும்போது மறுபடி சோதனை, நேரம் தப்பினால் ஊரடங்கு. மரவள்ளி கொஞ்சம் செழிப்பாக வளர்ந்தால், காட்டில் இருப்பவர்களுக்கா என்று கேள்வி. யார்தான் போவார்கள்? முதலில் தூரத்துக் கொல்லைகளை விட்டார்கள். அப்புறம் பக்கத்தில் இருந்தவற்றையும் விட்டார்கள். போன வாரம்வரை என் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தால் ஆள் உயரத்துக்கு லாலான் புல். அதற்கடியில் தொட்டாற்சிணுங்கி. எது யாருடைய பாத்தி என்று அடையாளமே தெரியவில்லை.

போன மாதம் தோட்டத்துத் துரை ஓர் உத்தரவு போட்டார். வேலி ஓரத்துப் புல்லில் ஆள் ஒளிந்துகொள்ளலாம். அடுத்த மாதக் கடைசிக்குள் அவரவர் கொல்லையை அவரவர் வெட்ட வேண்டும். வெட்டாத நிலத்தில் தோட்டமே ரப்பர் கன்று நட்டுவிடும்.

எனக்கு ஒரே சந்தோஷம். கொல்லை திரும்பி வரும், கீரை வரும், புண் ஆறும். நாளைக்கே எல்லோரும் மண்வெட்டியோடு கிளம்புவார்கள் என்று நினைத்தேன்.

ஒருவர்கூடக் கிளம்பவில்லை.

சோம்பேறித்தனம் என்று துரை நினைப்பதாக என் கணவர் சொன்னார். பயம் என்று போலீஸ் நினைக்கிறதாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். கிராணி நினைப்பதற்குச் சம்பளம் இல்லை என்றார்.

கடைசியில் லெட்சுமி அக்காவையே கேட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்தவள் இதைக்கூடக் கேட்பாளா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"தரிசாப் போட்ட கொல்லையில படையல் போடாம மண்வெட்டி வைக்கலாமா, கிராணியம்மா? முனியாண்டி கால வாங்கிடும் லா."

ஆள் நடமாட்டம் நின்றுபோன நிலத்தில் முனியாண்டி குடிவந்துவிடுமாம். மறுபடி மண்ணைக் கிளற வேண்டும் என்றால், கொல்லை மூலையில் இருக்கும் கல்லுக்கு முன்னால் இலை போட்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் சுருட்டும் வைக்க வேண்டும். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

சிக்கல் புரிகிறதா? காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போய்விடும் என்று, கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறு விடமாட்டார்கள். இவர்களோ காட்டோரத்தில் இலை நிறையச் சோற்றை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்கிறார்கள். பார்க்கிற போலீஸ்காரர் அது முனியாண்டிக்கு என்றா நினைப்பார்?

போலீஸ் துரையிடம் இங்கிலீஷில் பேச ஆள் வேண்டும் என்றார் லெட்சுமி அக்கா. ஆள் நான்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

நான் கான்வென்டில் படித்தவள். முனியாண்டிக்காக நான் பரிந்து பேசலாமா? ஃபாதர் கேள்விப்பட்டால்? என் கணவருடைய வேலைக்கு ஏதாவது வந்தால்? போகாமல் இருந்து, அந்தக் கொல்லையில் ரப்பர் நட்டுவிட்டால்? லெட்சுமி அக்கா வீட்டு அடுப்புக்கே அதுதானே துணை! இவரிடம் கேட்டேன். யாராவது விசாரித்தால் கீரைக்காகப் போனேன் என்று சொல்லச் சொன்னார். அது சம்மதமா, மறுப்பா? அதுவும் விளங்கவில்லை. ரோஸியை இடுப்பில் தூக்கிக்கொண்டு லெட்சுமி அக்காவோடு போனேன்.

கேட்டில் இருந்த போலீஸ் துரை சின்ன வயதுக்காரர். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. சோறு யாருக்கு என்று கேட்டார். சாமிக்கு என்றேன். சாமி சாப்பிடுமா என்றார். சாப்பிடும் என்று இவர்கள் நம்புகிறார்கள் என்றேன். சாப்பிடாவிட்டால் அந்தச் சோற்றை யார் சாப்பிடுவார்கள் என்று கேட்டார். நான் யோசித்து, எறும்பு என்றேன்.

அவர் காட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு சிரித்தபடி ஒன்று சொன்னார். உங்கள் சாமிக்குப் பசித்தால், கேட்டுக்கு வந்து, எல்லோரையும்போல உள்ளே உட்கார்ந்து சாப்பிடட்டும்.

இதை எப்படி மொழிபெயர்ப்பது? சாமியைக் கேலி செய்கிற பேச்சு. மாற்றிச் சொன்னால் பொய். சொல்லாமல் விட்டால் வந்த காரியம் பாதியில் நிற்கும். குரலைத் தாழ்த்தி, சாமி சாப்பிடுமா என்று அவர் கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே சொல்லிவிட்டேன். லெட்சுமி அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா தலையாட்டினார்.

"அதுவும் சரிதானே? நாமளே உள்ள வந்துட்டோம். அது மட்டும் எதுக்கு வெளிய பட்டினி கெடக்கணும்?"

போலீஸ் துரைக்கு நன்றி சொல்லச் சொன்னார். சொன்னேன். எதற்கு நன்றி என்று அவருக்கும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லெட்சுமி அக்கா வெறுங்கையோடு வெளியே போய், புல்லை விலக்கி, கொல்லை மூலைக் கல்லைத் தூக்கி வந்தார். கேட்டில் அந்தக் கல்லையும் புரட்டிப் பார்த்துத்தான் விட்டார்கள். வேலிக்கு உள்பக்கம், கொல்லையைப் பார்த்தபடி கல்லை வைத்து இலை போட்டார்கள். லயமே கூடியிருந்தது. நான் கூட்டத்திலும் சேராமல், வீட்டுக்கும் போகாமல் நடுவில் நின்றேன்.

ரோஸி இறங்க அடம்பிடித்தாள். இறக்கிவிட்டேன். நழுவிய முந்தானையைச் சரிசெய்யும் நேரம்தான்… இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றை அள்ளி வாயில் போட்டுவிட்டாள்.

பெண்கள் வாயில் கை வைத்தார்கள். எச்சில் பட்ட படையல். இனி யார் மண்வெட்டியைத் தொடுவார்கள்? கொல்லை போயிற்று. கீரைக்கென்று வந்து நானே கெடுத்துவிட்டேன். என் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று இவர்கள் நினைக்கிறார்கள்? நான் என்ன நினைக்கிறேன்?

ரோஸி காரத்தில் மூக்கு ஒழுக இரண்டாவது பிடி அள்ளினாள்.

லெட்சுமி அக்கா சூடத் தட்டோடு குனிந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாமி சாப்பிடுமான்னு கேட்டாரில்ல அந்தத் தொரை? சாப்பிடுதுன்னு போய்ச் சொல்லுங்க, கிராணியம்மா."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சூடம் ஏற்றினார்கள். மறுநாள் பிற்பகல் ஓடையோரம் முழுக்க மண்வெட்டிச் சத்தம்.

ரோஸிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டுமா? யாருடைய பாவமாகச் சொல்வது? வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத சுத்தபோசனம் வேறு… நல்லவேளை, கருவாடு மீன்தான். அதைவிட ஒன்று உறுத்துகிறது. லெட்சுமி அக்கா அப்படிச் சொன்னபோது, யாரோ என் பிள்ளையை ஆசீர்வதித்ததுபோல என் நெஞ்சு குளிர்ந்ததே, அது ஏன்?

இன்று காலை படியில் ஒரு கட்டுக் கீரை கிடந்தது. லாலானை வெட்டியபோது, அடியில் பழைய பசலைக்கொடி உயிரோடு இருந்ததாம். இவ்வளவு நாள் மேலே புல், கீழே அது.

அவசரமாகக் கழுவி, வேகவைத்து, மசித்து, ஆற்றி, ரோஸிக்கு ஊட்டினேன்.

துப்பிவிட்டாள். வேலிப் பக்கம் கையை நீட்டி, கருவாடு கேட்டு அழுகிறாள். அடுத்த படையல் எப்போது என்று நான் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?