ஃபெரி இன்ஜின் அறையிலிருந்து டிக்கெட் கவுண்டருக்கு

அப்பா சிவஞானம், எங்கள் தீவில் சாத்தத்துக்கும் பம்பூஃப்ளாட்டுக்கும் இடையே ஓடும் ஃபெரியில் இன்ஜின் டிரைவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். இன்ஜின் இரைச்சலிலேயே அவர் காது போயிற்று. ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. அதுவரை இன்ஜின் அறையிலேயே இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதற்குக் காதுப் பரிசோதனையில் தேற வேண்டும்.

நான் செவித்திறன் மருத்துவம் படித்து சென்னையில் வேலை பார்க்கிறேன். தீவில் அவரைக் கவனித்தவர் செவித்திறன் நிபுணர் ஷோபனா. காதுக் கருவி பொருத்தி, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தார். முன்பு சொற்களில் பாதிகூடப் பிடிபடவில்லை. இப்போது அநேகமாக எல்லாம். போன் கேட்கிறதா, டிவி கேட்கிறதா என்ற கேள்விகளுக்கும் ஆமாம் என்றே பதில். வேலைக்குத் தகுதி என்று ரிப்போர்ட் வந்தது.

"இனி இவுக கேக்காத மாதிரி நடிக்க முடியாது" என்றாள் அம்மா.

அடுத்த மாதம் இன்ஜினில் தட்டும் சத்தம் வந்தது. உதவியாளர் கணேஷ்குமார் மேல்தளத்திலிருந்து ஓடிவந்து நிறுத்தினார். பக்கத்திலேயே நின்ற அப்பாவுக்குக் கேட்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். கருவி பேச்சை உயர்த்தும். இரைச்சலையும் தட்டலையும் இடைஞ்சலென்று அடக்கும். அடக்காதபடி மாற்றினால் அந்த அறையின் சத்தம் மிச்சக் காதையும் கெடுத்துவிடும். போனில் இதை மெதுவாக விளக்கினேன்.

"அப்ப வழி இல்லன்னு சொல்லு" என்றார்.

வழி இல்லை என்றேன்.

மறுநாள் அவரே ஆபீசுக்குப் போனார். அதிகாரி கோவிந்தராஜ் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"சப் டீக் ஹை, எல்லாம் சரின்னுதானே இருக்கு. ரெண்டு வருஷத்த ஓட்டிடுங்க, சிவஞானம்."

"ஆளு பேசுறது கேக்கும் சார். இன்ஜின் கேக்காது. கீழ நான் வேண்டாம்."

டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அங்கே கருவி நன்றாக வேலை செய்தது. சில்லறைத் தகராறு, வங்காளி முணுமுணுப்பு, ஹிந்தி வசவு எல்லாம் தெளிவாகக் கேட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிவிடுவார். விடுப்பில் வந்தபோது, வீட்டிலும் போடலாமே என்று அவர் காதருகே சொன்னேன்.

"காலைலருந்து எல்லாரு பேச்சும் கேட்டாச்சு. போதும்மா" என்றார்.

ஓய்வு பெறுவதற்குள் மாரடைப்பு வந்தது.

காரியம் முடிந்த மறுவாரம் அப்பாவின் போனுக்கு ஷோபனா அழைத்தார். வருஷத்துக்கு ஒருமுறை நோயாளிகளை விசாரிப்பது வழக்கம். இறந்துவிட்டார் என்றேன். வருத்தம் தெரிவித்தார். பிறகு, தப்பாக நினைக்க வேண்டாம், கணக்கை முடிக்க ஒன்று மட்டும் தெரிய வேண்டும் என்றார். கருவியால் அவருக்குப் பயன் இருந்ததா?

இதே கேள்வியை நானும் எத்தனையோ வீடுகளுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறேன்.

"பயன் இருந்துச்சு. ஆனா அவர் கேட்டது அது இல்ல, இன்ஜின் வேலை. ரெண்டையும் எழுதிக்கோங்க."

"ஏதாவது ஒண்ணுதான் எழுத முடியும், மேடம்."

"அப்ப பயன் இருந்துச்சுன்னே போட்டுக்கோங்க" என்றேன்.