குழாய்க்குள் என்ன போகிறது?

எழுபத்தாறில் தூத்துக்குடிப் பக்கத்து ஆசிட் ஆலை ஒன்றில் ஃபோர்மேனாகச் சேர்ந்தார் நாசரேத்து ஜேசுபாதம். மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போயும் விடும். பூசைப் பொரியைக்கூடத் தொடாத கிறிஸ்தவ சபைக்காரர். வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அவர் பொறுப்பில் வந்த முதல் காரியம், ஆசிட் குழாயின் நடுவே மாட்டும் பெல்லோஸ். வெயிலில் குழாய் நீளும், ஆறினால் சுருங்கும். அந்த இழுபறியை வாங்கிக்கொள்ள மடிப்பு மடிப்பாக ஓர் இணைப்பு. அதற்கு உள்ளுறை எது என்பதில்தான் சூட்சுமம். ஆசிட் இரும்பை அரித்துவிடும், ரப்பரை ஒன்றும் செய்யாது. கண்ணை மூடிக்கொண்டு ரப்பரைப் போட்டார். யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

ஆயுதபூசை லீவு முடிந்த வாரமே அது ஒழுகியது. கழற்றிப் பார்த்தால் ரப்பர், ரசத்தில் ஊறிய அப்பளம் மாதிரி பிதுங்கி நின்றது.

"இதான் நீர் தேர்ந்தெடுத்த லட்சணமா?" என்றார் மேனேஜர். "அடுத்தது நிக்கலைன்னா நீரும் நிக்க முடியாது."

ஜேசுபாதம் ரப்பரை எடுத்து முகர்ந்தார். மண்ணெண்ணெய் வாடை. "எந்தப் பய வேலைலே இது?" என்று கத்தினார்.

ஆத்தூர்க்கார ஃபிட்டர் சுடலைமாடன் கை கட்டி முன்னே வந்தான். "நாந்தான் சார். எங்கூர்ல பூசைக்கு பம்புசெட்ட மண்ணெண்ணெய்லதான் கழுவுவோம். வெளிய சந்தனம் வச்சிட்டு உள்ள அழுக்கா விடலாமான்னு, லீவுக்கு முன்ன இந்தக் குழாய்க்குள்ள ஒரு டின் ஊத்தி ஊற வச்சேன்."

வாய் நிறைய வந்த திட்டை ஜேசுபாதம் விழுங்கினார். ரப்பருக்கு ஆசிட் எமன் அல்ல, மண்ணெண்ணெய்தான் எமன். பக்தியாகக் கழுவியவனை என்ன சொல்ல?

"ஊத்தக் கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டும்" என்றார் மேனேஜர்.

"இவன் கேட்டுக்கிடுவான் சார். நாளைக்கு வேறொருத்தன் வருவான், பூசையும் வரும். டெஃப்லான் உள்ளுறை வாங்கித் தாங்க, ரெண்டையும் தாங்கும்."

"ஆர்டர்ல குழாய்க்குள்ள என்ன போகுதுன்னு எழுதணும்?"

"ஆசிட், தண்ணி, வருசத்துக்கு ஒரு டின் மண்ணெண்ணெய்."

மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும், "அடுத்த பூசை தாண்டட்டும், உம்ம வேலையப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார்.

டெஃப்லான் போட்ட பெல்லோஸ் வந்து மாட்டியாயிற்று. அடுத்த பூசைக்கு எல்லாரும் மெஷினைத் துடைக்க, சுடலைமாடன் மட்டும் அந்தக் குழாய்ப் பக்கமே போகவில்லை. ஜேசுபாதம் தாமே மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னலே பாக்க? ஊத்து."

"வேண்டாம் சார், ஒங்க வேலைக்கு..."

"ஊத்துலேங்கேன்!"

லீவு முடிந்து மேனேஜர் முன்னால் பெல்லோஸைக் கழற்றினார்கள். ஜேசுபாதம் உள்ளே விரல் விட்டுத் தடவினார். வெள்ளை வெளேரென்ற டெஃப்லானில் ஒரு கொப்புளம் இல்லை.

"நீர் பெர்மனென்ட், வேய்" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார் மேனேஜர்.

சுடலைமாடன் மிச்சமிருந்த சந்தனத்தில் பெல்லோஸுக்கு ஒரு பொட்டு வைத்தான். அதே விரலோடு ஜேசுபாதத்தின் நெற்றிக்கு வந்தவன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, அவர் சட்டைப்பையில் ஒரு பிடி பூசைப் பொரியைப் போட்டான். சபைக்காரர் அதை வீடு போய்ச் சேரும்வரை கொறித்துக்கொண்டே போனார்.