அம்மாவுக்கு வைத்த கெவும்

சித்திரா பௌர்ணமிக்கு முதல் நாள் கண்டி மார்க்கெட்டில் வாழையிலை, பூசணிக்காய், அவரைக்காய் எல்லாம் வாங்கி முடிந்த பிறகு, ஒரே ஒரு கொண்டைக் கெவும் வாங்குவேன். அரிசிமாவையும் கித்துல் பாணியையும் குழைத்து எண்ணெயில் ஊற்றி, நடுவில் குச்சியால் குத்தித் திருகி, தலையில் குடுமி போல எழுப்பி எடுக்கிற சிங்களப் பலகாரம் அது. "வெரதப் படையல்ல யாராச்சும் இத வைப்பாங்களா அண்ணி?" என்று என் நாத்தனார் வருசா வருசம் கேட்பாள். எங்கம்மாவுக்குப் பிடிக்கும் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மீதியை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

தாயை இழந்தவர்கள் பிடிக்கிற விரதம் சித்திரா பௌர்ணமி. நான் அதை முதல் முறை பிடித்தபோது எனக்குப் பத்து வயது. அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் அம்மா போனார்.

எங்கள் வீடு கண்டிக் குளத்துக்கு மேலே, மலைச்சரிவில் ஒட்டியிருந்த மூன்று வீடுகளில் நடு வீடு. அப்பாவுக்கு மாநகர சபையில் வேலை. ஒரு பக்கம் முஸ்லிம் வீடு. அந்த வீட்டம்மாவை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து நானும் சாச்சி என்றே கூப்பிட்டேன். மறுபக்கம் சிங்கள வீடு. அங்கே இருந்தவர் நெந்தா, சிங்களத்தில் அத்தை. அம்மா இருந்தவரை மூன்று வீட்டுக் குசினிக் கதவும் பகலில் சாத்திக் கிடந்ததில்லை.

அந்த வருசம் நோன்பு மாதமும் சித்திரையோடு சேர்ந்து வந்திருந்தது. சாச்சிக்குப் பொழுது பட்டால்தான் தண்ணீரே. பௌர்ணமி என்பதால் நெந்தாவுக்குப் போயா, பௌத்தர்களின் விரத நாள். வெள்ளை உடுத்தி, பன்சலை என்கிற புத்த விகாரையில் சில் விரதம் எடுப்பார், பகல் பன்னிரண்டுக்குப் பிறகு சாப்பாடு இல்லை. அப்பா படையல் போட்ட பிறகு ஒரு வேளைச் சோறு மட்டும் சாப்பிடுவார். ஒரே நாளில் மூன்று வீட்டிலும் பட்டினி, மூன்று விதமாக. நானும் பிடிப்பேன் என்று அடம்பிடித்தேன். "முடியாட்டி பால் குடி" என்றார் அப்பா.

விடிய எழும்பி அப்பாவே எல்லாவற்றையும் சமைத்து மூடி வைத்தார். அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் கெவும் ஒன்றை வைத்தார். முதல் நாள் பின்னேரம் நெந்தா கொண்டுவந்து கொடுத்தது. வருசப் பிறப்புக்குச் சுட்டதில், அம்மாவுக்கென்று டின்னில் ஒதுக்கி வைத்தது.

"அம்மா இன்னைக்கு ஒரு நாள்தான் வருவா. அவளுக்குப் படைக்கிறதுக்கு முந்தி யாரும் வாயில வைக்கக் கூடாது. பகலைக்கு வந்துருவேன், வெளக்கப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அப்பா கோயிலுக்குப் போனார். அங்கே சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்பார்கள். மனிதர் செய்கிற நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஏட்டில் எழுதுகிறவர் அவர். அன்று அவருடைய நாள்.

நான் விளக்கைத்தான் பார்த்தேன். ஆனால் விளக்குக்குப் பக்கத்தில் கெவும் இருந்தது. அம்மா கெவும் சாப்பிட உட்கார்ந்தால் முதலில் கொண்டையைக் கிள்ளி என் வாயில் வைத்துவிட்டுத்தான் மீதியை அவர் தின்பார். இன்றைக்கு வந்தாலும் கொண்டையை எனக்குத்தானே தருவார் என்று நினைத்து, கிள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். கொண்டை போன கெவும் மொட்டைத் தலையோடு என்னைப் பார்த்தது. அப்பா கண்டால் கேட்பாரே என்று, அதை மறைக்க மீதியையும் தின்றேன். தட்டில் எண்ணெய் வட்டம் மட்டும் மிஞ்சிய பிறகுதான் பயம் வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற அம்மா தட்டைப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பிப் போவாரே.

சித்திரபுத்திரனார் எழுதியிருப்பார், அதில் சந்தேகமில்லை. மற்ற வீட்டுச் சாமிகள் கொஞ்சம் இளக்கமாக இருக்கக்கூடும் என்று தோன்றியது. சாச்சி வீட்டுக் குசினிக்குப் போனேன். சாச்சி நோன்புக் கஞ்சிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மகள், மொகம் வாடிப் பெய்த்து?"

"சாச்சி, எங்க ஸ்கூல்ல ஒரு புள்ள. நோன்பு நேரத்துல எதையோ தின்னுட்டா. என்ன ஆகும்?"

"மறந்து திண்டா ஒண்டுமில்ல. அல்லாஹ்வே ஊட்டிவிட்ட மாதிரி."

"மறக்காம தின்னா?"

சாச்சி சுளகைக் கீழே வைத்தார். மனுசருடைய இரண்டு தோளிலும் இரண்டு மலக்குகள், வானவர்கள், எழுதிக்கொண்டிருப்பதாகவும், வலது பக்கத்தவர் நல்லதை உடனே எழுதுவார், இடது பக்கத்தவர் கெட்டதை எழுதாமல் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார் என்றும் சொன்னார். இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

"பகல் வரைக்கும் பொறுப்பாரா?"

"பொறுப்பாரு. ஆனா இன்னொருத்தர்ட சாமான திண்டா, அவங்ககிட்ட பெய்த்துச் சொல்லணும் மகள். அவங்க மன்னிக்காம ஒண்டும் சரிவராது."

"அவங்க செத்துப் போயிருந்தா?"

சாச்சி முக்காட்டு நுனியால் என் வாயோரத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, "அவங்கட ஊட்டாள்கள்கிட்டச் சொல்லட்டும், அந்தப் புள்ள" என்றார். என் வாயை எதற்குத் துடைத்தார் என்று நான் யோசிக்கவேயில்லை.

அங்கிருந்து பன்சலைக்குப் படியேறினேன். நெந்தா வெள்ளைச் சேலையில் அரசமரத்து நிழலில் மற்றப் பெண்களோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். கண்ணைத் திறந்தார்.

"நெந்தா, உங்க சாமிக்கு எழுதுற ஆள் யாரு?"

"மொகத... என்ன எழுதுற?" என்றார் பாதித் தூக்கத்திலிருந்து எழும்பியவர் போல.

"நாங்க செய்ற பாவத்த."

"எழுதுற ஆள் ஒருத்தரும் இல்ல துவே. நம்மளுக்கே தெரியும்தானே."

துவே என்றால் மகள். எழுத ஆளே இல்லை என்றதும் ஒரு கணம் வயிற்றில் பால் வார்த்தது. அடுத்த கணம், அந்தப் பிந்திய வாக்கியம் சித்திரபுத்திரனாரையும் மலக்குகளையும்விட மோசமாகப் பட்டது. அதனால் வந்த காரியத்தைக் கேட்டேன்.

"கெவும் இன்னும் ஒன்னு இருக்கா?"

"இல்ல. அதுதான் கடைசி." நெந்தா என் பக்கம் குனிந்தார். "நல்லா இருந்ததா?"

"பாணி கொஞ்சம் கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. சில் எடுத்தவர் சிரிக்கக் கூடாது என்றோ என்னவோ, நெந்தா உதட்டை மடித்துக்கொண்டார். பிறகு அவர் கண் கலங்கியது. "போய் அப்பாக்கிட்ட சொல்லு. அம்மாகிட்டயும் சொல்லு. பொய் மட்டும் சொல்ல ஏலா" என்றார்.

எங்கள் சாமியையும் சேர்த்து மூன்று கடை ஏறி இறங்கியும் ஒரே விலை. அந்த வயதில் எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வேதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. முருகனைக் கும்பிடுவேன், விரதம் பிடிப்பேன், அவ்வளவுதான். ஆனால் அவரவர் பட்டினியோடு அன்று அந்த இரண்டு பெண்கள் சொன்னதும், செய்ததை மறைக்காதே என்று என் அப்பா அன்றாடம் சொல்லி வளர்த்ததும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். சாச்சி மகனோடு கடுகண்ணாவை ஊர்ப் பக்கம் போய், அங்கேயே மௌத்தாகி அடங்கினார். நெந்தாவின் வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். இப்போது நோன்பு மாதத்தில் எங்கேயாவது கஞ்சி வாசம் வந்தால், பின்கதவைத் திறந்து பார்க்க வேண்டும்போல இருக்கும். இந்த வீட்டுக்குப் பின்கதவு இல்லை.

அன்று பகலில் அப்பா கோயில் கஞ்சியோடு வந்து தூக்குவாளியைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"கெவும நாந்தான் தின்னேன். மறந்து இல்ல. தெரிஞ்சேதான்."

அப்பா தட்டைப் பார்த்தார்.

"கொண்டையவா மொதல்ல தின்ன?"

தலையாட்டினேன். அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் இலையைப் போட்டார். சோறு வைத்தார், பூசணிக்காய்க் கறி, அவரைக்காய், பருப்பு வைத்தார். கடைசியில் அந்த வெறும் தட்டையும் எடுத்து, எண்ணெய் வட்டத்தோடு அப்படியே இலைக்குப் பக்கத்தில் வைத்தார். இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டுக் கும்பிட்டார்.

"அம்மாகிட்ட நீயே சொல்லு" என்றார்.

படத்தைப் பார்த்துச் சொன்னேன். அம்மா எப்போதும்போல ஸ்டூடியோவில் எடுத்த அந்தச் சிரிப்போடு இருந்தார்.

நான் சொல்லி முடிக்கும் முன்பே அப்பா எழும்பிப் பின்பக்கம் போய்விட்டார். குழாயடியில் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. குழாயைப் பூட்டினார், மறுபடி திறந்தார். கழுவிக்கொண்டே இருந்தார். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மனுசன். என்மேல் அவருக்கு அவ்வளவு கோபம் என்று நினைத்தேன். அது ஆறி அவர் வரட்டும் என்று, வெறும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.