ஒன்பது கம்பி ஊசல்

எங்கள் மூதாதை ஆன்செல்ம் கீபெஃப் 1809இல் ரூவான் நகரில் பிறந்தார். முப்பதாம் வயதில் சந்தைக்குப் பின்னால் கடிகாரக் கடை திறந்தார். தியெப் அருகிலுள்ள அலியெர்மோனிலிருந்து அரைகுறை இயந்திரங்களை வாங்கி, முடித்து, முகப்பில் தம் பெயரைப் பொறித்து விற்றார். அந்நாளில் எல்லோரும் செய்ததுதான். அதைக் குற்றமாக எழுதவில்லை.

ஊசல் மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு. நல்ல ஊசலில் எஃகுக் கம்பியும் பித்தளைக் கம்பியும் மாறி மாறி நிற்கும். சூட்டில் எஃகு நீண்டு ஊசல் நுனியிலுள்ள குண்டைக் கீழே இறக்கினால், பித்தளை நீண்டு அதை மேலே தூக்கிவிடும்; ஊசலின் நீளம் மாறாது, கடிகாரமும் தாமதிக்காது. கீபெஃபின் ஊசலிலும் ஒன்பது கம்பிகள் மின்னின. நடுக்கம்பி குண்டைச் சுமந்தது. மற்ற எட்டும் வெறும் அலங்காரம். அவற்றைத் திருகிப் பொருத்தியவள் அவர் மனைவி லெயோகாடி. இருபது ஆண்டுகள் வாடிக்கையாளர்களிடம் ஒன்பதின் பெருமையைப் பேசிப் பேசி, எட்டுக்கு வேலையே இல்லை என்பதைக் கீபெஃப் மறந்துபோனார். எங்கள் குடும்பத்தில் பொய்யர்கள் பலர் உண்டு. தம் பொய்யைத் தாமே வாங்கியவர் இவர் ஒருவர்தான்.

1859 மார்ச்சில் ரயில் நிலையத்துக்குக் கடிகாரம் தேர்ந்தெடுக்கும் போட்டி நடந்தது. வென்றால் அந்த வழித்தட நிலையங்கள் அனைத்துக்கும் அவரே கடிகாரம் செய்வார். எதிரே இருந்தது தியெப்பைச் சேர்ந்த பிரெயோத்தேயின் கடிகாரம் ஒன்றே. அதன் ஊசல் மெருகிட்ட தேவதாருக் கோல்.

"என்னய்யா இது, விறகுக்கட்டையைத் தொங்கவிட்டு வந்திருக்கே?" என்று கீபெஃப் சிரித்தார். பிறகு நடுவர் வோக்லேனிடம் திரும்பி, "ஐயா, கூடத்தைச் சூடாக்குற அடுப்பைப் பத்த வைக்கச் சொல்லுங்க. நாளைக்கு வரைக்கும் எரியட்டும். என் கடிகாரத்துக்குச் சூடும் ஒண்ணுதான், குளிரும் ஒண்ணுதான்."

லெயோகாடி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, அடுப்பு வேணாங்க. அந்த எட்டும்..."

"நீ சும்மா இரு. ஒன்பது கம்பி இருக்கு!"

மரம் சூட்டில் அவ்வளவாக நீளாது; மறுநாள் மரக்கோல் கடிகாரம் பிசகாமல் நேரம் காட்டியது. கீபெஃபின் கடிகாரம் ஏழு வினாடி பின்தங்கியிருந்தது.

"அடுப்பு ரொம்பச் சூடுங்க" என்றார் கீபெஃப்.

"நீங்கதானே கேட்டீங்க?" என்ற வோக்லேன் குனிந்து, ஓரக் கம்பி ஒன்றை விரலால் சுண்டினார். அது லொடலொடவென்று ஆடியது. "இதுக்கு என்ன வேலை?"

கூடம் முழுக்கச் சிரித்தது. ஒப்பந்தம் பிரெயோத்தேக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் லெயோகாடி கேட்டாள்: "இனியாவது அந்த எட்டையும் கழட்டிடட்டுமா? துடைக்கிற வேலையாவது மிச்சம்."

கீபெஃப் யோசித்தார். வெட்கப்படுகிறார் என்று அவள் நினைத்தாள்.

"கழட்டாதே. இன்னும் ரெண்டு சேரு."

பதினொரு கம்பி ஊசலை அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் விற்றார்.