காசு கொடுத்து வாங்கிய பூட்டு

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை, என் லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினேன். சாதாரணக் கத்தல் இல்லை. எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று எனக்குப் பதில் சொல்கிற அளவுக்கு.

சமையலறையிலிருந்து ஜோசபின் வந்தாள். என் மனைவி. சத்தம் கேட்டு வரவில்லை. தண்ணீர் எடுக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“யார திட்றீங்க?”

“லேப்டாப்பை!”

“வாயை இவ்ளோ பெரிசாத் தொறந்தா எனக்கு ஒண்ணும் புரியல. சின்னதாத் திட்டுங்க.”

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் ஜோசபினின் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. மெஷின் வைத்துப் பார்த்தாயிற்று. இரைச்சல்தான் வருகிறது. பேச்சு மட்டும் பழையபடி, பழைய வேகத்தில், பழைய நக்கலோடு இருக்கிறது. நாம் சொல்வதை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். நாம் ஒழுங்காக, நிதானமாகப் பேசினால்...

நிதானமாகப் பேசுகிற நிலைமையிலா நான் இருந்தேன்?

விஷயம் இதுதான். டெல்லியில் இருக்கும் எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி அவள்தான் எங்களிடம் வந்திருக்க வேண்டும். பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, நாங்கள் போக வேண்டும். விமானம்? ஜோசபினுக்குத் தலை சுற்றும் என்று எங்கள் ஊர்க் காது டாக்டர் தடை போட்டுவிட்டார். மிச்சம் இருப்பது ரயில். புதுச்சேரியிலிருந்து இரண்டு ராத்திரிப் பயணம்.

ரயில் என்றதும் ஜோசபின் முகம் மாறியது. காரணம் எனக்குத் தெரியும்.

போன வருஷம் மதுரைக்குப் போனோம். நான் டீ வாங்க இறங்கியிருந்தேன். எதிர் சீட்டு அம்மாள் இவளிடம் ஏதோ கேட்டிருக்கிறார். இவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கேட்டிருக்கிறார். பதில் இல்லை. இவள் திரும்பியபோது அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் — “பாரு, எவ்ளோ திமிரு.” காதில் விழாதது உதட்டில் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் மதுரை வரைக்கும் ஜன்னல்தான். இருட்டினதும் ஜன்னலிலும் ஒன்றுமில்லை. சுற்றிலும் எல்லோரும் வாயசைத்துச் சிரிக்க, நடுவில் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருப்பது... அன்றைக்கே சொல்லிவிட்டாள், இனிமேல் ரயிலே வேண்டாம் என்று.

இப்போது மகள். என்ன செய்வாள்? யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள்.

“என் படமெல்லாம் லேப்டாப்புல போட்டுக் குடுங்க. வர்றேன். படம் இல்லன்னா என்னால ஆவாது.”

என் படம் என்று அவள் சொல்வது எது தெரியுமா? பாரிஸில் இருக்கும் அவள் அண்ணன் ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது எங்கள் காசில் வாங்கி வரும் டிவிடிகள். பில்லோடு, பளபளக்கும் காகிதம் சுற்றி. அவற்றில் காது கேளாதவர்களுக்கென்றே தனியாக ஒரு சப்டைட்டில் இருக்கிறது. வசனம் மட்டும் இல்லை, சத்தமும் எழுத்தில் வரும். ஆள் திரையில் நின்று பேசினால் வெள்ளை எழுத்து. திரைக்கு வெளியே இருந்து பேசினால் மஞ்சள். சத்தம் என்றால் சிவப்பு. கதவு தட்டப்படுகிறது. தூரத்தில் மழை. யாரோ மாடிப்படி ஏறுகிறார்கள். சின்ன வயதிலிருந்து பிரெஞ்சில் படித்தவள் என்பதால் தடுக்காமல் படித்துவிடுவாள். மழை பெய்வது அவளுக்கு மறுபடி ‘கேட்டது’ அந்த டிஸ்க்குகளில்தான். முதல் தடவை அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். நானும்தான்.

நம் ஊர் டிஸ்க்கில் அது கிடையாது. அதனால்தான் அவளுக்கு அவை ‘என் படம்’.

சரி, டிஸ்க்கையே எடுத்துக்கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். ஓடுகிற ரயிலில் டிவிடி போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு குலுக்கலுக்கும் படம் நின்று நின்று போகும். பேட்டரி மளமளவென்று இறங்கும். சார்ஜ் போடும் இடத்தில் நான்கு போன் தொங்கும். லேப்டாப்புக்குள் காப்பி எடுத்து வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. நம் காசு, நம் டிஸ்க், நம் லேப்டாப். இதில் என்ன சிக்கல் வரப்போகிறது?

அப்படித்தான் நானும் நினைத்தேன். மடத்தனம்!

டிவிடிக்காரர்கள் உலகத்தை மண்டலம் மண்டலமாகக் கூறு போட்டு வைத்திருக்கிறார்கள். பிரான்ஸ் இரண்டாவது மண்டலம். நாம் ஐந்தாவது. லேப்டாப்பில் இருக்கும் டிரைவ் ஒரு நேரத்தில் ஒரு மண்டலத்துக்குத்தான் விசுவாசமாக இருக்கும். வேறு மண்டல டிஸ்க்கைப் போட்டால், ‘மண்டலத்தை மாற்றட்டுமா?’ என்று மரியாதையாகக் கேட்கும். ஐந்து தடவை மாற்றலாம். ஐந்தாவது தடவை எங்கே நிற்கிறதோ, ஆயுசுக்கும் அங்கேயேதான்.

இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அன்று காலை நான் செய்தது என்ன? முதலில் எனக்கு ஒரு தமிழ் டிஸ்க் போட்டேன். அவளுக்கு ஒரு பிரெஞ்சு டிஸ்க் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு தமிழ் டிஸ்க். மறுபடி அவளுக்கு. மறுபடி எனக்கு. ஒவ்வொரு தடவையும் அது கேட்டது. நான் ‘சரி’ என்று அழுத்தினேன். படித்தா பார்த்தேன்? புதுச்சேரிக்காரன் பிரான்ஸ், இந்தியா என்று இரண்டு தேசத்துக் காகிதத்தையும் ஒரே பீரோவில் வைத்துப் பழகியவன். எந்த நாட்டுக்காரன் எது கேட்டாலும் கையெழுத்துப் போட்டே வளர்ந்தவன். ‘சரி’ சொல்வதற்கா பஞ்சம்?

வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒருவன் மாட்டுவானா? பிரான்ஸில் இருப்பவனிடம் பிரான்ஸ் டிஸ்க் மட்டும் இருக்கும். செஞ்சியில் இருப்பவனிடம் நம் ஊர் டிஸ்க் மட்டும் இருக்கும். அண்ணன் அங்கே, தங்கை இங்கே, கல்யாணம் இங்கே, வேலை அங்கே என்று பாதிப் பாதியாக வாழ்கிற எங்கள் ஊரில்தான் ஒரே அலமாரியில் இரண்டு மண்டலமும் இருக்கும். இந்த மண்டலக் கோடுகளைப் போட்ட புண்ணியவானுக்குப் புதுச்சேரி என்று ஒரு ஊர் இருப்பது தெரியுமா?

பூட்டு விழுந்தது என் தமிழ்ப் படத்தில். ஜோசபினின் படங்கள் அத்தனையும் வெளியே. ரயிலுக்கு எட்டு நாள் இருந்தது.

எங்கள் ஊர் உப்பளம் பகுதியில் செந்தில் என்று ஒருவர் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். எனக்குப் பல வருஷப் பழக்கம். பையில் இருந்த டிஸ்க்குகளைப் பார்த்ததும், பாம்பைப் பார்த்த மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

“இது ஒரிஜினல் சார்.”

“ஆமா. பில்லு இருக்கு.”

“மொதல்ல உள்ள வைங்க சார். ஒரிஜினல நான் கடையிலயே வக்கிறதில்ல. செக்கிங் வந்தா, இத வச்சித்தான் காப்பி எடுக்குறேன்னு கேஸ் போட்டுடுவாங்க.”

“இது என்னோடது செந்தில். நான் காசு குடுத்து வாங்குனது.”

“அதான் சார் வம்பு. எந்தப் படம்னு சொல்லுங்க, நெட்டுலேந்து எறக்கி பென்டிரைவுல போட்டுத் தர்றேன். அதுக்கு யாரும் வர மாட்டாங்க.”

கேட்டீர்களா கதையை? வாங்கினவன் பையை மூட வேண்டும். திருட்டுக் காப்பிக்குப் பென்டிரைவ் தயார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் எட்டு நாள்... வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜோசபின் ஐந்து நிமிஷம் பார்த்தாள். படம் பளிச்சென்று இருந்தது. எந்த மண்டலமும் கேட்கவில்லை. ஆனால் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, ஒரு எழுத்தும் இல்லை.

“எல்லாரும் வாய மட்டும் ஆட்டுறாங்க,” என்றாள். “இதுக்கு ரயில்ல இருக்குறவங்களையே பாத்துக்குறேன்.”

அடுத்து ஆப். மாதாமாதம் பணம் கட்டி ஒரு சினிமா ஆப் வைத்திருக்கிறோம், ஜோசபின் பெயரில். அதே படங்களில் சில அதிலும் இருக்கின்றன. அந்தக் காது கேளாதவர் சப்டைட்டிலோடு டவுன்லோடு செய்ய முடியுமா என்று கேட்க அவர்கள் ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். பேசிய பெண் தேனாகப் பேசினார்.

“அக்கவுன்ட் மேடம் பேர்ல இருக்கு சார். அவங்களே லைன்ல வந்து பேசணும்.”

“அம்மா, அவங்களுக்குக் காது கேக்காது. அதுக்காகத்தான் சப்டைட்டிலே கேக்குறேன்.”

“புரியுது சார். ஆனா செக்யூரிட்டிக்காக அவங்க வாய்ஸ்ல கன்ஃபர்ம் பண்ணணும். நாங்க கேக்குற கேள்விக்கு அவங்க பதில் சொன்னா போதும்.”

கேட்கிற கேள்விக்கு. காது கேளாதவள். போனில்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அன்று சாயங்காலம் ஜோசபின் பீரோவிலிருந்து குழந்தைக்குத் தைத்து வைத்திருந்த சட்டைகளை எடுத்தாள். மடித்தாள். என் பெட்டியில் வைத்தாள். என் பெட்டியில்!

“நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. வீடியோல காட்டுங்க. கேக்கப்போறது இல்ல, பாக்கத்தான போறேன்... எங்கேருந்து பாத்தா என்ன?”

சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கொன்றுவிட்டது. பேரப்பிள்ளையைப் பார்க்க முடியாமல் ஒரு பெண்ணை வீட்டிலேயே உட்கார வைப்பது எது? அவள் காது இல்லை. சொந்தக் காசில் வாங்கிய பொருளை இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார், அந்த நாற்காலியில் பார்க்காதே என்று எங்கேயோ இருக்கும் ஒரு கம்பெனி சொல்வது. புடவை வாங்கினால், இதைத் திண்டிவனம் தாண்டிக் கட்டக்கூடாது என்று எந்தக் கடைக்காரனாவது சொல்வானா? சொன்னால் அந்தக் கடையில் கண்ணாடி மிஞ்சுமா?

மறுநாள் காலை செந்தில் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். வெளியே இருந்து ஒயரில் மாட்டுகிற டிவிடி டிரைவ் ஒன்று புதிதாக வாங்கினேன். அதை முதல் வேலையாகப் பிரெஞ்சு மண்டலத்துக்கு மாற்றினேன். இப்போது படம் ஓடும், ஆனால் காப்பி ஆகாது; அதற்கு டிஸ்க்கிலேயே இன்னொரு பூட்டு இருக்கிறது. அதை எப்படி உடைப்பது என்று செந்திலைக் கேட்டேன்.

“நான் சொல்ல மாட்டேன் சார்,” என்றார். பில் எழுதிக்கொண்டே, “ஆனா நீங்க நல்லா இங்கிலீஷ் படிப்பீங்களே,” என்றார்.

நெட்டில் தேடிப் படித்தேன். உடைத்தேன். ஒவ்வொரு டிஸ்க்காக உள்ளே போய், ஒவ்வொரு படமாக லேப்டாப்பில் வந்து உட்கார்ந்தது. மூன்று சாயங்காலம் ஆயிற்று. சிவப்பு எழுத்து வருகிறதா என்று ஒவ்வொன்றிலும் ஜோசபினே சரிபார்த்தாள். கடைசிப் படம் முடிந்ததும் எழுந்துபோய், என் பெட்டியிலிருந்த குட்டிச் சட்டைகளை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

ஆமாம், பூட்டை உடைத்தேன். பத்திரிகையில் பெயர் போட்டு எழுதுகிறேன். டிஸ்க்குகள் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. யாருக்கும் கொடுக்கவில்லை, விற்கவில்லை. வாங்கிய ஒருத்திதான் பார்க்கிறாள், அதே இரண்டு கண்ணால். இது குற்றம் என்றால் வரட்டும். வருகிறவர்கள் அவளிடம் நேரில் வந்து கொஞ்சம் நிதானமாக உதட்டை அசைத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை டெல்லியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து அறையில் பேத்தி. பிறந்து நான்கு நாள் ஆகிறது. ஜோசபின் மடியை விட்டு இறக்குவதில்லை. குழந்தை வாயைத் திறந்தாலே பசியா, தூக்கமா என்று சொல்லிவிடுகிறாள். காது கேட்கிற நான், மகள், மருமகன் மூன்று பேரும் முழித்துக்கொண்டு நிற்கிறோம்.

ரயிலில் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. விழுப்புரம் வருவதற்குள் லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். எதிர் சீட்டில் ஒரு குடும்பம். “எனக்குக் காது கேக்காதுங்க, ஏதாச்சும் கேக்கணும்னா தொட்டுக் கூப்புடுங்க,” என்று அவளாகவே அவர்களிடம் சொன்னாள். நான்கு வருஷத்தில் ஒரு அந்நியரிடம் அவள் அப்படிச் சொல்லி நான் பார்த்ததே இல்லை. சொல்லிவிட்டு முதல் படத்தைத் தட்டினாள்.

படம் வரவில்லை. கறுப்புத் திரையில் பெரிய பெரிய எழுத்தாக, டிஸ்க்கிலிருந்து கூடவே காப்பியாகி வந்த ஒரு எச்சரிக்கை நின்றது. காப்பி எடுப்பது திருட்டு, சிறை, அபராதம், இத்யாதி. தாண்டிப் போக முடியவில்லை. ஜோசபின் பொறுமையாகக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். என் பக்கம் திரும்பினாள்.

“உங்களத்தான் திட்றான்.”

நிஜத் திருடனை யாரும் திட்டுவதில்லை — அவனுக்கு நேராகப் படம் ஆரம்பித்துவிடும்.