தங்கை கட்டும் ஸ்டேஷன்

பிரிய மறுக்கும் இரண்டு பிளாஸ்டிக் கட்டைகளை வாயில் வைத்துக் கடைவாய்ப் பல்லால் நெம்புகிறாள் என் தங்கை. அடுத்தவர் வாய்க்கெல்லாம் பல் செட்டு செய்து கொடுத்து ஓய்வு பெற்றவள் இவள். பிரிப்பதற்கென்றே ஒரு சின்ன நெம்புகோல் பெட்டியில் இருக்கிறது. "அதைத் தேடுற நேரத்துல நாலு கட்டையப் பிரிச்சுடுவேன்" என்பாள். கீழ்வரிசையில் ஒரு பல் ஏற்கெனவே மூலை உடைந்துவிட்டது. அதையும் தானே அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசை எங்கள் கையை விட்டுப் போய் மாதக்கணக்காகிறது. குழந்தைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளால் அங்கே ஒரு ரயில் நிலையம் எழும்பிக்கொண்டிருக்கிறது. பொம்மை ரயில் விடும் பெரியவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. ஆளுக்கொரு பகுதியைச் செய்து எடுத்துப் போய், ஒரு மண்டபத்தில் தண்டவாளங்களைச் சேர்த்து, ரயில் ஓட்டிப் பார்வைக்கு வைப்பார்கள். இந்த முறை நடு ஸ்டேஷன் இவள் பொறுப்பு. ஆகவே நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம்.

கடையில் பெட்டியோடு விற்கிற ஸ்டேஷனை வாங்கிவிடலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ரெடிமேட் பல்லு எவன் வாயிலயாவது சரியா உக்காந்திருக்கா?"

பிறகு அரை நாள் விளக்கம். தண்டவாளம் வளையும், கட்டை வளையாது. அதனால் பிளாட்ஃபாரத்தின் ஓரத்தைப் படிப்படியாக உள்ளே வாங்கி அடுக்க வேண்டும். வளைவில் நீளமான ரயில் பெட்டியின் நடுவயிறு உள்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அதற்கும் இடம் விட வேண்டும். எவ்வளவு இடம் என்று தெரிய, ஓரத்தில் மெழுகை ஒட்டி, ரயிலை மெல்லத் தள்ளி, மெழுகு எங்கே சிராய்கிறது என்று பார்க்கிறாள். பல் செட்டில் கடி சரிபார்க்கும் முறைதானாம். மேசை விரிப்பு பூராவும் மெழுகு. சுரண்டி எடுப்பவள் நான்.

அவள் பேச்சில் உலகம் முழுக்க வாய்க்குள்தான் இருக்கிறது. சன்னல் வரிசை கோணினால் "முன்பல்லு துருத்துது." கூரை ஆடினால் "ஈறு பிடிக்கல." போன வாரம் கூரையில் ஈறு பிடிக்கவில்லை என்று அடுப்பில் பாலை வைத்ததையே மறந்தாள். பொங்கிய பாலையும் நான்தான் துடைத்தேன்.

இவ்வளவு நுணுக்கம் பார்ப்பவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் முற்றிக்கொண்டு வருகிறது. இன்னும் தள்ளிப்போட்டால் ஆபரேஷன் கடினமாகிவிடும், பார்வை முழுதாகத் திரும்பும் என்று சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸ் வேலை பார்த்து, அப்படித் தள்ளிப்போட்டவர்களைக் கையைப் பிடித்து நடத்திப் போனவள் நான். எனக்கு விளங்குகிறது. இவளுக்கு?

"கண்ணாடி பவர் மாறியிருக்கு, அவ்வளவுதான். ஸ்டேஷன் முடியட்டும்."

ஆபரேஷனுக்குக் குறித்த ஒரு தேதி போய்விட்டது. அடுத்தது வரும் வியாழக்கிழமை. அதையும் தள்ளிவைக்க என்னைப் போன் போடச் சொல்கிறாள். "உனக்கு வேணும்னா நீயே போடு" என்றேன். அவள் போடவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் உள்ள நம்பர் அவளுக்குத் தெரியவில்லை; தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

கத்திக்குப் பயந்தவள் அல்ல. எதிரே வருகிறவர் சிரித்தால் போதும், பல்லின் நிறம் இன்னது என்று சொல்லிவிடுவாள். பல் செட்டு செய்யும் இடத்தில், நிறத்தில் சந்தேகம் வந்தால் எல்லாரும் இவளிடம்தான் கொண்டுவருவார்கள். அந்தக் கண்ணில் கோளாறு என்று இவள் எப்படி ஒப்புக்கொள்வாள்?

கோளாறு ஸ்டேஷன் சுவரிலேயே இருக்கிறது. இந்தக் கட்டைகளில் சாம்பல் நிறம் இரண்டு. பழையதில் லேசான மஞ்சள், புதியதில் லேசான நீலம். புரை விழுந்த கண்ணுக்கு எல்லாமே மஞ்சளோடித்தான் தெரியும், இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே டப்பாவிலிருந்து அள்ளி அள்ளி அடுக்கியதில் முன்சுவர் திட்டுத் திட்டாக வந்திருக்கிறது. அதையும் சொன்னேன்.

"சுவரு ஒரே நிறமா இல்லடி."

"என்னை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிட்டுப் போக நீ என்ன வேணா சொல்லுவே."

"உன்கிட்ட நான் எதுக்குடி பொய் சொல்லணும்?"

"வலிக்காதுன்னு சொல்லித்தானே இத்தனை வருஷம் எல்லாருக்கும் ஊசி போட்டே?"

நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

நேற்று மாலை கார்டு வந்தார். சங்கத்து ஆள்; பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பொம்மை ரயில் புறப்படும்போதெல்லாம் ரயில் கார்டு போல விசில் ஊதுவதால் அந்தப் பெயர். தம்முடைய நீளமான பெட்டி வளைவில் இடிக்கிறதா என்று பார்க்க, அதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். தள்ளினார். மயிரிழை இடைவெளியில் வழுக்கிக்கொண்டு போயிற்று. தங்கை என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க முடியாது.

பிறகு அவர் குனிந்து முன்சுவரைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"அக்கா, அசல் பழைய ஸ்டேஷன். மழை ஊறி, வெயில்ல காஞ்சு, திட்டுத் திட்டா அப்படியே வந்திருக்கு. ரெண்டு சாம்பலையும் எப்படி இப்படிக் கலந்தீங்க? நானெல்லாம் வேணும்னு பண்ணினா கட்டம் கட்டமா வந்துடுது."

தங்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு மிகச் சாதாரணமாகக் கேட்டாள்: "எந்த இடத்துல நல்லா வந்திருக்கு?"

"இதோ, சன்னலுக்குக் கீழ. இங்க நீலம் தூக்கலா இருக்கு பாருங்க. அப்புறம் கதவு ஓரத்துல." என் பக்கம் திரும்பினார். "பெரியக்கா, நீங்களும் கை குடுத்தீங்களா?"

"நான் மெழுகு சுரண்டுறவ."

சிரித்தார். மண்டபத்தில் இந்தச் சுவரைத்தான் முன்னால் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும், இந்த வித்தையை எல்லாருக்கும் சொல்லித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். போச்சு, வியாழக்கிழமையும் போச்சு என்று நினைத்தேன். தப்புக்குப் பாராட்டு கிடைத்தவளை இனி யார் அசைப்பது?

வாசல் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், ஸ்டேஷனை மேசையோடு சன்னல் பக்கம் இழுத்திருந்தாள். தரையெல்லாம் கீறல். திட்ட வாயெடுத்தேன்.

அவள் சன்னலுக்குக் கீழே அவர் நீலம் என்று காட்டிய இடத்தில் விரலை வைத்திருந்தாள். மற்றக் கையால் கண்ணாடியின் ஒரு பக்கத்தைப் பொத்திக்கொண்டு, மூக்கு முட்டும் அளவுக்குச் சுவரை நெருங்கிப் பார்த்தாள். கையை எடுத்து மறு பக்கத்தைப் பொத்தினாள். மறுபடியும் மாற்றினாள்.