பத்து என்றுதான் சொன்னேன்

எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்த ஃபிட்டர் நான். நாலு பேர் கூடினால் சுவரோரம் போய் நிற்கிற ஆள். என்னைப் போன்றவன் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒருவன் எனக்குச் செய்ததையும் அதை நான் எப்படித் திருப்பிக் கொடுத்தேன் என்பதையும் சொல்ல எனக்கு வேறு இடம் இல்லை. வருத்தத்தில் கொண்டுபோய் முடிப்பேன் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் சென்னைத் தொழிற்சாலை ஒன்று எங்கள் இரண்டு பேரைப் பயிற்சிக்காக ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டுக்கு அனுப்பியது. ஒரே கப்பல், ஒரே பட்டறை, தொழிலாளர் விடுதியில் ஒரே அறை. அவன் சைதாப்பேட்டைக்காரன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நேரில் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இங்கே அவன் என்றே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே கடை கிடையாது, பேச்சுத் துணையும் கிடையாது. எங்கள் ஃபோர்மேன் ஊரின் மீன்பிடி கிளப்புக்குத் தலைவராக இருந்தார். இரக்கப்பட்டு எங்களையும் சேர்த்துக்கொண்டார். போன முதல் நாளே அவன் தன் அப்பா ஊட்டியில் வெள்ளைக்காரத் துரைகளுக்கு ட்ரௌட் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்று சொல்லிவிட்டான். அவன் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து கிளப்பில் அவன் நிபுணன். நான் நிபுணனோடு வந்தவன்.

ரைன் நதியில் சால்மன் மீன் இருந்த காலம் முடிந்துவிட்டிருந்தது. அதனால் தலைவர் கோடைதோறும் தன் காரில் இரண்டு கூட்டாளிகளோடு சால்மன் பிடிக்க நோர்வேக்குப் போவார். காரில் நாலாவது இடம் காலி. அந்த இடம், சேர்ந்து மூன்று வருடம் ஆகாத உறுப்பினர்களில் ஒருவருக்கு, செலவில்லாமல். யாருக்கு என்பதை ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, மணல் தோண்டிய குளத்தில் நடக்கும் வீச்சுப் போட்டி முடிவு செய்யும். தண்ணீரில் மிதக்கும் வளையத்துக்குள், முள் இல்லாத கம்பளிக் குஞ்சத்தை விழவைக்க வேண்டும். அந்த இடத்துக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பெரிய ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில், யாரோடும் பேச வேண்டிய அவசியம் இல்லாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் குண்டு இல்லை. இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப்பூச்சிக்குக் கனமே கிடையாது. லைன் என்கிற தடித்த நூலுக்குத்தான் கனம். அந்தக் கனம் ராடை, அதாவது தூண்டில் கழியை, வளைக்க வேண்டும். வளைந்த ராட் நிமிரும்போது லைன் பறக்கும். ஆகவே ராடுக்கு ஏற்ற லைன் வேண்டும். சால்மன் ராட் பதினாலு அடி, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியது. புது ராடுகளில் பிடிக்கு மேலே எண் போட்டிருக்கும். ஒன்பது என்றால் ஒன்பதாம் எண் லைன். எண் ஏற ஏற லைனின் கனம் ஏறும். இளைத்த லைனைப் போட்டால் ராட் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். லைன் காலடியில் விழும்.

முதல் வருடப் போட்டியில் எனக்கு ஒன்பதாம் எண் ராட் கொடுத்தார்கள். லைன் சுற்றிய ரீல்களை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு நிபுணனுடையது. "இந்தா மாப்ளே, உனக்குன்னே வெச்சிருந்தேன்" என்று கைப்பிடி ஆடுகிற ஒரு ரீலைக் கொடுத்தான். நான் வீசினேன். லைன் சுருண்டு என் பூட்ஸ் மேலேயே விழுந்தது. பலத்தையெல்லாம் கூட்டி மறுபடி வீசினேன். அது தொப்பியில் சிக்கியது. கரையில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் ஜெர்மனில் உரக்கச் சொன்னான்: "இவன் ஊரில் கையாலேயே பிடிப்பார்கள்!" இன்னும் சிரித்தார்கள்.

நோர்வேக்கு அவன் போனான். திரும்பி வந்து, புகைபோட்ட சால்மனை ரொட்டியில் வைத்து எனக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன்.

குளிர்காலத்தில் தலைவரும் நானும் கிளப் குடிசையில் லைன்களைக் கழுவிக் காயவைத்தோம். எதிலும் எண் இல்லையே என்று, தலைவர் வீட்டிலிருந்து ஒரு சின்னத் தராசு கொண்டுவந்தார். ஒவ்வொரு லைனிலும் முதல் ஒன்பது மீட்டரை நிறுத்து, எண் எழுதிய துணியை ரீலில் கட்டினோம். ஒன்பதாம் எண் லைன் பதினைந்து கிராமுக்கு மேல் இருக்கும். கைப்பிடி ஆடுகிற ரீலில் இருந்தது பத்து கிராம் சொச்சம். ட்ரௌட் மீனுக்கான ஆறாம் எண்.

அறைக்கு வந்து கேட்டேன். அவன் கட்டிலில் படுத்துச் சிரித்தான்.

"இப்பத்தான் கண்டுபிடிச்சியா? சும்மா வெளாட்டுக்குடா. அந்த மூஞ்சிய நீ பாத்திருக்கணும் மாப்ளே!"

"கார் சீட்டு போயிடுச்சேண்ணே."

"நீ போய் அங்க யாரோட பேசப்போற? மீனோடயா?"

விளையாட்டுக்கு என்ற அந்தச் சொல்லை நான் பட்டறையில் அரம் தேய்க்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவன் லைனைப் பாதியில் அறுத்து வைக்கலாம், ரீலில் மணல் போடலாம் என்றெல்லாம் யோசித்தேன். எதுவும் போதவில்லை. அவன் கையாலேயே அவன் கெட வேண்டும். எல்லோரும் பார்க்கிற இடத்தில், பகல் வெளிச்சத்தில்.

வேறு ஊருக்குக் குடிபோன ஓர் உறுப்பினர் பிளந்த மூங்கிலில் செய்த பழைய சால்மன் ராடைக் குடிசையில் விட்டுப் போயிருந்தார். எண் முறை வருவதற்கு முன் செய்தது. அதில் எதுவும் எழுதியிருக்காது. ஏப்ரலில் ஆள் இல்லாத நேரங்களில் நான் அதில் எல்லா லைனையும் போட்டு வீசிப் பார்த்திருந்தேன். ஏழு, எட்டு போட்டால் அசையவே அசையாது. பத்து போட்டால் தேன் மாதிரி. இரண்டாம் வருடப் போட்டிக்கு முந்தின நாள் மாலை அதே ராடை அவன் தலைவரிடம் வாங்கினான். மூங்கில் ராட் பார்க்க அழகு, நிபுணனுக்குப் பொருத்தம்.

மறுநாள் காலை குளக்கரையில் தலைவர் ரீல்களை வரிசையாக மேசையில் வைத்தார். "எந்த எண் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை" என்றார் அவனிடம். அவன் ராடை ஆட்டிப் பார்த்தான். கன்னத்தில் வைத்து ஒற்றைக் கண்ணால் நுனிவரை பார்த்தான். "யா, யா" என்றான். பிறகு, தலைவரைப் பார்த்துச் சிரித்த முகம் மாறாமல், என்னிடம் தமிழில் கேட்டான்.

"டேய், இதுக்கு எந்த நம்பர்டா?"

குளிர்காலத்திலிருந்து காத்திருந்தது இப்படித் தானாக வந்து கையில் விழும் என்று நினைக்கவில்லை. பொய் சொல்ல வாய் வரை வந்தது. அவன் கண்ணைப் பார்த்தேன். போன வருடத்தை அவனும் நினைத்துக்கொண்டிருந்தான். பொய் தேவையில்லை என்று அப்போது புரிந்தது.

"பத்துண்ணே" என்றேன்.

"பத்தா? அவ்ளோ தடியா?"

"பத்துதாண்ணே. நல்லாப் பறக்கும்."

"உங்கம்மா மேல சத்தியமா?"

"எங்கம்மா மேல சத்தியமா பத்து" என்றேன் உடனே. சிரிக்கவும் செய்தேன். நான் சிரித்து அவன் பார்த்ததில்லை.

தலைவர் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். "இவனுக்கு தைரியம் சொல்கிறேன்" என்று ஜெர்மனில் சொல்லி, என் தோளைத் தட்டினான். அவன் கை பத்தாம் எண் ரீலுக்கு மேலே போய் நின்றது. என்னை ஒரு முறை பார்த்தது. நகர்ந்து ஏழை எடுத்தது. கண் அல்ல, அந்தக் கைதான் என்னைப் பார்த்தது என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

முதல் வீச்சில் லைன் கரையைத் தாண்டவில்லை. அவன் லைனைத் துடைப்பது போலப் பாவனை செய்தான். இரண்டாவது வீச்சு அவன் தலையைச் சுற்றிக்கொண்டது. மூன்றாவதில் கம்பளிக் குஞ்சம் காதில் அடித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒருவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டார். அந்த மௌனத்தை நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

தலைவர் அவன் ரீலில் இருந்த துணியைப் படித்தார். "ஏழா? இதற்கா?" என்றார். "ஊட்டியில் இப்படித்தானா?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் அவனுக்கு அதிகம் வலித்திருக்கும்.

என் முறை வந்தபோது ஒன்பதாம் எண் ராடில் ஒன்பதாம் எண் லைனைப் போட்டு வீசினேன். ஐந்து வீச்சில் மூன்று வளையத்துக்குள் விழுந்தது. காரின் நாலாவது இடம் எனக்கு என்று தலைவர் கையைக் குலுக்கினார்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவன் என் சட்டையைப் பிடித்தான்.

"துரோகி! ஏன்டா இப்பிடிப் பண்ண?"

"நான் என்ன பண்ணேன்? பத்துன்னுதானே சொன்னேன்."

"அதான்டா! நீ பத்துன்னதாலதான்டா நான் எடுக்கல!"

"அம்மா மேல சத்தியம் பண்ணேனே."

"அதனாலதான்டா சுத்தமா நம்பல!"

அவனுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். பிடி தளர்ந்தது. "வெளாட்டுக்குண்ணே" என்று சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. விளையாட்டு என்று அவன் நினைத்து ஆறுதல் அடைய நான் ஏன் இடம் கொடுக்க வேண்டும்? சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். வழி முழுக்க ஏற்றம். மூச்சு வாங்கவே இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மழை பெய்தது. அவன் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடியில் வேறு அறைக்குப் போனான். நான் ஃபோர்மேனிடம் ஜூலையில் இரண்டு வாரம் விடுப்பு கேட்டேன். சரி என்றார்.